தம்பியின் உடல் மரக்கட்டைபோல இறுகியது: டான்ட்ரோலின் மருந்து பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

திருமங்கலத்தான் | திங்கள், இரவு 10:15

என் தம்பிக்கு 24 வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு கப்பலூர் அருகே வண்டியிலிருந்து விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்றார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இளம் டாக்டர் ஒருவர் வேகமாக வெளியே வந்து, “உங்கள் குடும்பத்தில் ஆபரேஷன் மேசையில் யாராவது இறந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “என் தம்பி, 1994-இல். குடலிறக்க ஆபரேஷன். ஜன்னி கண்டு செத்துப்போனான்” என்றார். அந்த டாக்டர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே ஓடினார்.

இதே கேள்வியை முந்தின நாள் ஒரு படிவத்திலும் கேட்டிருந்தார்கள். ‘குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?’ அதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எங்கள் வீட்டில் சித்தப்பாவின் சாவுக்கு ஜன்னி என்றுதான் பெயர். மயக்க மருந்து என்ற சொல்லை யாரும் அதனுடன் சேர்த்துச் சொன்னதே இல்லை.

தம்பி பிழைத்துவிட்டான். ‘டான்ட்ரோலின்’ என்ற மருந்து கொடுத்தோம் என்றார்கள். அந்த மருத்துவமனையில் இருந்த குப்பிகள் போதாமல், ஊருக்கு மறுகோடியில் உள்ள வேறொரு மருத்துவமனையிலிருந்து மீதியைக் காரில் கொண்டுவந்தார்கள். வைகைப் பாலத்தில் அந்தக் கார் நெரிசலில் நின்ற நிமிடங்களை நாங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு மயக்க மருந்து எப்படித் தசையை இறுக்குகிறது, இன்னொரு மருந்து எப்படி அதை விடுவிக்கிறது? அப்பாவுக்குப் புரியும்படி நான் சொல்ல வேண்டும். அவர் இரவில் தூங்குவதில்லை.

---

வைகை வடகரை | திங்கள், இரவு 11:48

ஐயா, நான் மயக்கவியல் மருத்துவர். தம்பி பிழைத்தது பெரிய ஆறுதல். சில மயக்க மருந்துகளால் தசை இறுகி உடல் கொதிக்கும் இந்த நோய்க்கு ‘மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா’ என்று பெயர். உங்கள் அப்பாவுக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

தசை நாருக்குள் கால்சியம் தேங்கி நிற்கும் சிறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையையும் ஒரு கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மடை இருக்கிறது. கையை மடக்கு என்று நரம்பு சொன்னதும் மடை திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். உடனே மடை மூடிக்கொள்ளும். பாய்ந்த கால்சியத்தை நுண்ணிய பம்புகள் மீண்டும் கண்மாய்க்குள்ளேயே இறைத்துவிடும். தசை தளரும். இது நொடிக்குள் நடந்து முடிகிற காரியம்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்த மடைப்பலகை சரியாகப் பொருந்துவதில்லை. அன்றாட வாழ்வில் இது பெரும்பாலும் வெளியே தெரியாது. ஓடுவார்கள், மூட்டை தூக்குவார்கள், கபடி ஆடுவார்கள். ஆனால் ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் போன்ற ஆவி மயக்க மருந்துகளோ, சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் ஊசியோ பட்டால் மடை திறந்துகொண்டு மூட மறுக்கிறது. உடம்பின் எலும்புத் தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுருங்கத் தொடங்குகின்றன. பம்புகள் நிற்காமல் இறைக்கின்றன. சுருங்குவதற்கும் எரிபொருள் வேண்டும், இறைப்பதற்கும் எரிபொருள் வேண்டும். ஆக்சிஜன் தீர்கிறது, கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் வெப்பமும் குவிகின்றன. கடைசியில் தசை நார்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டுகிறது. அதில் இதயம் நின்றுபோகலாம். உடைந்த தசையின் சிவப்புப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது.

காய்ச்சல் முதல் அறிகுறி இல்லை என்பதைக் கவனியுங்கள். மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு காரணமில்லாமல் ஏறுவதுதான் பெரும்பாலும் முதலில் தெரியும். இதயத் துடிப்பு விரையும், தாடை இறுகும். உடல் கொதிப்பது பல நேரங்களில் அதற்குப் பிறகுதான்.

டான்ட்ரோலின் போய்ப் பிடிப்பது அந்த மடையைத்தான். ரயனோடின் ஏற்பி என்று அதற்குப் பெயர். மருந்து அதில் ஒட்டிக்கொண்டு கால்சியம் கசிவதைக் குறைக்கிறது. பம்புகள் மெல்ல மெல்ல மிச்சத்தை இறைத்து முடிக்கின்றன. தசை தளர்கிறது, வெப்பம் உற்பத்தியாவது நிற்கிறது. இதயத் தசையில் இருக்கும் மடை வேறு வகையைச் சேர்ந்தது. ஆகவே இந்த மருந்து இதயத்தின் துடிப்பை முடக்கிவிடுவதில்லை.

---

நாகமலை | செவ்வாய், காலை 6:30

காய்ச்சல் என்றால் பாரசிட்டமால், ஐஸ், குளிர்ந்த குளுக்கோஸ் போதாதா? இதற்கென்று தனி மருந்து வாங்கி வைக்கத்தான் வேண்டுமா? செலவை நோயாளி தலையில் கட்டுகிற வேலையாகத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சந்தேகத்தைக் கேட்கிறேன்.

---

வைகை வடகரை | செவ்வாய், காலை 7:12

நியாயமான கேள்வி. சாதாரணக் காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவுகோலை உயர்த்தி வைக்கிறது. பாரசிட்டமால் அதைக் கீழே இறக்குகிறது. இங்கே மூளைக்கு வேலையே இல்லை. வெப்பம் தசையில் பிறக்கிறது. பாரசிட்டமாலால் ஒரு பயனும் கிடையாது.

குளிர்விப்பது தேவைதான், செய்கிறோம். 38 டிகிரி செல்சியஸ் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உடல் வேண்டிய அளவுக்கும் கீழே போய்விடும். ஆனால் அடுப்பை எரியவிட்டுப் பானையின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் எத்தனை நேரம் தாங்கும்? 1960-களில் இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். ஐஸ் அப்போதும் இருந்தது. டான்ட்ரோலின் வந்த பிறகு, அது உடனே கிடைக்கும் இடங்களில், இறப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்த நோய்க்கான வட அமெரிக்கப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கணக்கிட்டிருக்கிறார்கள்: முதல் டோஸ் கொடுக்க ஒவ்வொரு 30 நிமிடம் தாமதமாகும்போதும் சிக்கல் வரும் வாய்ப்பு 1.6 மடங்கு கூடுகிறது. பாலத்தில் கார் நின்றதைப் படித்தபோது எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வந்தது.

---

மல்லிகை | செவ்வாய், பிற்பகல் 2:40

நான் ஆபரேஷன் தியேட்டர் செவிலியர். 22 ஆண்டு வேலையில் இதை ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முறையே போதும்.

டாக்டர் “டான்ட்ரோலின்” என்று குரல் கொடுத்ததும் ஊசியில் உறிஞ்சிப் போட்டுவிடலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம் மருந்துதான் இருக்கும், கூடவே மானிடால் என்ற துணைப்பொருள் 3 கிராம். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறப் பொடி. ஒவ்வொரு குப்பியிலும் 60 மில்லி சுத்திகரித்த ஊசி நீர் விட்டுக் குலுக்க வேண்டும். உப்பு நீரோ குளுக்கோஸ் நீரோ விடக்கூடாது.

முதல் டோஸ் ஒரு கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம். அன்று எங்கள் மேசையில் இருந்தவருக்கு 70 கிலோ. 175 மில்லிகிராம் வேண்டும், அதாவது 9 குப்பி. 540 மில்லி தண்ணீர். நான்கு பேர் வரிசையாக நின்று குலுக்கினோம். பொடி சீக்கிரம் கரையாது. அடியில் மஞ்சள் துகள்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். தெளியாமல் ஏற்றவும் கூடாது. ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம், இன்னும் கரையவில்லை, மறுபடி குலுக்குவோம். நீரை இளஞ்சூடாக்கினால் கொஞ்சம் விரைவாகக் கரையும் என்று அப்போது வார்டிலிருந்து ஓடிவந்த மூத்த சகோதரி ஒருவர் சொல்லித்தந்தார். மயக்க இயந்திரத்தில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சுண்ணாம்புக் கலம் இருக்கிறதே, அதைத் தொட்டேன். இட்லிப் பானையைத் தொட்டதுபோலச் சுட்டது.

மருந்து ஏறிச் சில நிமிடங்களில் திரையில் கார்பன் டை ஆக்சைடு 80-க்கு மேலிருந்து இறங்கத் தொடங்கியது. நோயாளியின் முன்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்லாக இருந்தது, பிடிக்குள் மெல்லத் தசையாக மாறியது. அதை நான் மறக்க மாட்டேன்.

சிறுநீர்ப் பையில் வந்தது வரக்காப்பி நிறம். இரண்டு நாட்களில் தெளிந்தது.

திருமங்கலத்தான் தம்பி, உங்கள் தம்பியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்களா?

---

திருமங்கலத்தான் | செவ்வாய், இரவு 9:05

மூன்று நாள் அக்கா. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தார்கள். முதல் இரவில் மறுபடியும் துடிப்பு ஏறி, இன்னொரு டோஸ் கொடுத்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் கைகால்களில் பலமே இல்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். எனக்குப் பயமாக இருந்தது.

---

வைகை வடகரை | செவ்வாய், இரவு 10:20

அந்தப் பலவீனம் ஓரளவு மருந்தின் வேலையேதான். மடையை இறுக்கிப் பிடித்தால் பிடிமானமும் குறையத்தான் செய்யும். உடைந்த தசை ஆறவும் நாளாகும். மறுபடி ஏறியதும் எதிர்பார்க்க வேண்டியதே. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படித் திரும்புகிறது. அதனால்தான் முதல் நெருக்கடி தாண்டிய பிறகும் ஒரு நாளாவது, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறோம். உங்கள் டாக்டர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

மல்லிகை சொன்ன குலுக்கும் தொல்லைக்கு ஒரு விடை வந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் புதிய வடிவம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே குப்பியில் 250 மில்லிகிராம், அதற்கு 5 மில்லி நீர் போதும். அது எல்லா ஊர்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

---

மேய்ச்சல் நிலம் | புதன், காலை 8:00

கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒரு செய்தி. இந்த மருந்து மனிதரைக் காக்கும் என்று உலகுக்குக் காட்டியவை பன்றிகள். லேண்ட்ரேஸ், பியட்ரேன் போன்ற சில இனப் பன்றிகளுக்கு இதே குறை உண்டு. லாரியில் ஏற்றினாலே, சண்டையிட்டாலே, வெயிலில் ஓட்டினாலே உடல் இறுகிக் கொதித்துச் சாகும். இறைச்சி வெளுத்து நீர்விட்டுப் போகும். பண்ணைக்காரர்களுக்குப் பெரிய நட்டம்.

டான்ட்ரோலினை 1967-இல் உருவாக்கினார்கள். முதலில் பக்கவாதம், முதுகுத் தண்டு காயம் ஆகியவற்றால் விறைத்த கைகால்களைத் தளர்த்த மாத்திரையாகத்தான் பயன்பட்டது. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் மயக்கவியலாளர் கெய்ஸ்ஃபர்ட் ஹாரிசன் 1975-இல் இந்தப் பன்றிகளுக்கு ஹாலோதேன் கொடுத்து, கொதிப்பு தொடங்கிய பிறகு டான்ட்ரோலின் செலுத்திக் காப்பாற்றிக் காட்டினார். நான்கே ஆண்டுகளில், 1979-இல், ஊசி வடிவம் மனிதருக்கு அனுமதி பெற்றது. பன்றியின் மரபணுக் குறை எது என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். மனிதரிடமும் அதே மரபணுதான். உயிர் கொடுத்த அந்த விலங்குகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

---

நாகமலை | புதன், காலை 9:33

என் சந்தேகம் தீர்ந்தது. செலவைப் பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன். அப்படியானால் இது ஏன் எல்லா மருத்துவமனையிலும் இல்லை?

---

வைகை வடகரை | புதன், பிற்பகல் 1:15

விலை அதிகம், நோய் அரிது, குப்பிக்குக் காலாவதி நாள் உண்டு. வாங்கிவைத்த குப்பியைத் தொடாமலே தூக்கி எறியும் நிலை சிறு மருத்துவமனைகளுக்குக் கசக்கிறது. 20 மில்லிகிராம் குப்பிகள் 36 இருப்பு வேண்டும் என்று இந்த நோய்க்கான அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைகூடத் தேவைப்படலாம் என்பதால் அந்தக் கணக்கு.

என் கருத்து இது. ஒவ்வொரு மருத்துவமனையும் முதல் டோஸுக்கான குப்பிகளையாவது கையில் வைத்திருக்க வேண்டும். மீதியை ஊரில் யார் வைத்திருக்கிறார்கள், நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது என்று ஒரு தாள் தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மதுரை அளவுள்ள ஓர் ஊரில் இது முடியாத காரியம் இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் அந்தத் தாள் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்களை அழைத்துச் சரிபார்க்கிறேன்.

---

பேரையூர் மருமகள் | புதன், இரவு 8:50

இந்த இழையைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என் மாமனாரின் அண்ணனும் ஆபரேஷனில் இப்படித்தான் ‘உடம்பு கொதித்து’ இறந்தார் என்று சொல்வார்கள். அடுத்த மாதம் என் மகனுக்கு டான்சில் அறுவை. ஏழு வயது. தள்ளிப்போடவா? முன்பு ஒரு முறை அவனுக்குக் காதில் சிறு அறுவை நடந்தது, மயக்கம் கொடுத்துத்தான். ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அவனுக்கு இல்லை என்று அர்த்தமா?

---

வைகை வடகரை | புதன், இரவு 9:10

அம்மா, பதற வேண்டாம். ஆனால் இல்லை என்று அர்த்தம் இல்லை. இரண்டு மூன்று முறை தூண்டும் மருந்தை ஏற்றுக்கொண்டும் ஒன்றும் நேராமல், அடுத்த முறை இந்த நோய் வந்தவர்கள் நிறைய உண்டு. நாளையே மயக்க மருத்துவரைப் பார்த்து, ‘மாமனாரின் அண்ணன் அறுவையின்போது உடல் கொதித்து இறந்தார்’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள். நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

அறுவையைக் கைவிடவும் வேண்டாம். புரோபோஃபால் போன்ற நரம்பு வழி மருந்துகளை மட்டும் வைத்து முழு மயக்கம் கொடுக்கலாம். நைட்ரஸ் ஆக்சைடு, வலி நீக்கும் மருந்துகள், வெக்குரோனியம், அட்ராகுரியம் என்ற வேறு வகைத் தசை தளர்த்திகள், தண்டுவட ஊசி, பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசி எல்லாமே பாதுகாப்பானவை. இயந்திரத்தில் பழைய ஆவி தங்கியிருக்கும் என்பதால் அதை நன்றாகக் கழுவிவிட்டு, நாளின் முதல் அறுவையாக வைப்பார்கள். முன்கூட்டியே டான்ட்ரோலின் கொடுக்கத் தேவையில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

இந்த நோய் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்ததே உங்களைப்போன்ற ஒருவரால்தான். மெல்போர்னில் 21 வயது மாணவர் ஒருவர் கால் முறிந்து வந்தார். காலைவிட மயக்க மருந்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தின்போது இறந்திருந்தார்கள். புது மருந்தான ஹாலோதேனைக் கொடுத்தார்கள், அதிலும் வந்துவிட்டது. ஐஸ் கட்டிகளால் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவர் அந்தக் குடும்பத்தின் கதையை உட்கார்ந்து கேட்டு, 1960-இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பு இறந்த பத்துப் பேரின் வீடுகளிலும் ஏதோ ஒரு காரணம் சொல்லி அழுதிருப்பார்கள்.

---

திருமங்கலத்தான் | வியாழன், அதிகாலை 5:20

கடைசிப் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்றார்.

ஒரு கேள்வி. அப்பாவுக்கு இது இருக்கிறதா? அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, தம்பிக்கு அத்தை மகளைப் பேசி முடித்திருக்கிறோம்.

---

வைகை வடகரை | வியாழன், காலை 7:40

கண்புரைக்குக் கண்ணைச் சுற்றி மட்டும் மரக்க வைப்பார்கள். அது இந்த மடையைத் தொடாது. சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் வந்திருப்பதால் அப்பா வழியாக இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 19-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்.ஒய்.ஆர்.1 என்ற மரபணுதான் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

முதலில் தம்பிக்கு இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அவரிடம் குறை இன்னதென்று தெரிந்தால் மற்றவர்களிடம் அதையே தேடலாம். கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடையிலிருந்து தசைத் துண்டு எடுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனையே உறுதியானது, ஆனால் எடுத்த சில மணி நேரத்துக்குள் அதற்கான ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். உலகிலேயே சில இடங்களில்தான் உண்டு.

அத்தை உங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர். அவரிடமும் மகளிடமும் இருக்கக்கூடும். இரண்டு பக்கமும் இருந்தால், குறையுள்ள இரு பிரதிகளையும் பெறும் குழந்தைக்குத் தசை நோய் கடுமையாகவும் வரலாம். திருமணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இருவரும் பரிசோதித்து, மரபியல் மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு நாள் குறியுங்கள்.

---

திருமங்கலத்தான் | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு இரவு 9:30

குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடினோம். பொங்கல் வைத்து முடித்து எல்லோரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அப்பா எழுந்து நின்று பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. “என் தம்பி ஜன்னியில் சாகவில்லை” என்று தொடங்கினார்.

தாத்தாவின் அண்ணன் தம்பி வழிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். 41 பெயர்கள். பழைய ஆள் ஒருவர், தாத்தாவின் தம்பி மகன் குடல்வால் அறுவையின்போது ‘வில்லாக விறைத்து’ இறந்ததைச் சொன்னார். 1981 வாக்கில். அதுவும் யாரும் சேர்த்துப் பார்க்காத சாவு.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதில் பெண்கள் யாரும் இல்லை. கட்டிக்கொடுத்த அத்தைமார் வேறு வீட்டுப் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் குலதெய்வமே வேறு. மரபணு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மறுநாளிலிருந்து நத்தம், செக்கானூரணி, ஆண்டிபட்டி என்று ஒவ்வொரு வீடாகப் போகிறேன். தம்பியின் டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்று, ‘ஆவி மயக்க மருந்தும் சக்சினைல்கோலினும் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்று. அட்டையை ரேஷன் கார்டுடன் வைக்கச் சொல்கிறேன், அதை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

நத்தத்து அத்தை மகளுக்கு, தம்பிக்குப் பேசிய பெண் இல்லை, அவள் அக்கா, பித்தப்பைக் கல் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் மயக்க மருத்துவர் தம்பியின் டாக்டருடன் தொலைபேசியில் பேசினார். திட்டத்தையே மாற்றினார். போன வியாழன் முதல் ஆளாக எடுத்தார்கள். அன்று மாலையே இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

தம்பிக்கும் அவனுக்குப் பேசிய பெண்ணுக்கும் இரத்தம் எடுத்தாகிவிட்டது, முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

---

பேரையூர் மருமகள் | ஞாயிறு, இரவு 10:02

மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டேன் ஐயா. அவர் முழுதும் கேட்டார். ‘நல்ல வேளை சொன்னீர்கள்’ என்றார். இருபதாம் தேதி, காலை முதல் அறுவை. அந்த அட்டையின் வாசகத்தை இங்கே போட முடியுமா? நானும் அச்சிட வேண்டும்.

---

திருமங்கலத்தான் | ஞாயிறு, இரவு 10:11

நாளைக் காலை தட்டச்சு செய்து போடுகிறேன் அக்கா. வைகை வடகரை ஐயா ஒரு முறை பார்த்துப் பிழை திருத்த வேண்டும். எங்கள் நோட்டில் இன்னும் ஆறு வீடு பாக்கி. கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த அத்தையின் பேரன் எண் மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை நேரில் போகிறேன்.